மழைக்கும் மண்ணுக்கும் ஒரு பாஸ்புக்

(குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பின்பக்கக் காலி இடத்தில் கார் நிறுத்த சிமென்ட் தளம் போடலாமா என்று அடுத்த பொதுக்குழுவில் நீங்கள் ஓட்டுப் போடப் போகிறீர்கள். நான் பி.காம். படித்து வங்கியில் கணக்கு எழுதியவன். அதனால் இதையும் கணக்காகவே சொல்கிறேன்.

அந்த இடம் 2,000 சதுர அடி. 50 மி.மீ. மழை பெய்தால் அதன்மேல் விழுவது சுமார் 9,300 லிட்டர். கோடையில் நாம் காசு கொடுத்து வாங்கும் ஒரு லாரித் தண்ணீர். சிமென்ட் போட்டால் அது தெருவுக்கு ஓடிவிடும். மண்ணாகவே விட்டால் எவ்வளவு உள்ளே இறங்கும்?

இதைக் கம்ப்யூட்டரில் கணக்கிடலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 'ஸ்வம்' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதிலுள்ள சூத்திரங்களில் ஒன்று, ஆஸ்திரேலியாவில் கிரீன், ஆம்ப்ட் என்ற இருவர் 1911-இல் வகுத்தது.

வேலை செய்யும் விதம் நம் பாஸ்புக் மாதிரிதான். மழை வரவு. மண்ணுக்குள் இறங்குவதும் வழிந்தோடுவதும் பற்று. தேங்கி நிற்பது இருப்பு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை இருப்புக் கட்டிக்கொண்டே போகும். காய்ந்த மண் முதலில் வேகமாக உறிஞ்சும். நனைய நனைய வேகம் குறைந்து ஓர் அளவில் நிலைத்துவிடும். அந்த அளவு மணலில் மணிக்குச் சுமார் 120 மி.மீ.; களிமண்ணில் வெறும் 0.3 மி.மீ. ஏறக்குறைய 400 மடங்கு வித்தியாசம்! மண் எதுவென்று தெரியாமல் போடும் கணக்கு, வவுச்சர் இல்லாத பதிவு போலத்தான்.

நம் இடத்தில் கட்டட இடிபாடும் கலந்திருக்கிறது. அட்டவணை எண் போதாது. அளந்தே ஆக வேண்டும். நாலு இடத்தில் ஓரடி ஆழக் குழி எடுப்போம். இரண்டு மூன்று முறை தண்ணீர் ஊற்றி ஊற விட்டு, மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்போம். பக்கவாட்டிலும் கசிவதால் இது சற்றுக் கூடுதலாகவே காட்டும். அதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

நன்றாக இறங்கினால் அந்த மண்ணை மூடாதீர்கள். இறங்காவிட்டால், தளம் போட்டாலும் போடாவிட்டாலும் மழைநீருக்கு ஒரு உறைகிணறு தேவை என்று தெரிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கடப்பாரை, சில வாளித் தண்ணீர். அந்த எண் கைக்கு வந்த பிறகு ஓட்டுப் போடுங்கள்.