வாதம் செய்வதும் வாயை அடைப்பதும்

(சூரமங்கலத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டச் சொற்பொழிவு)



இன்றைய தினம் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அரசியலைப் பற்றியதோ, யுத்தத்தைப் பற்றியதோ, வியாதியைப் பற்றியதோ அல்ல. இம்மூன்றைப் பற்றியும் நம்மவர்கள் எப்படி வாதம் செய்கிறார்கள் என்பதைப் பற்றியதாகும். இந்த ஊர் ரயில் ஜங்ஷன் உள்ள ஊர். கோயமுத்தூர்க்காரரும், சென்னைக்காரரும், பெங்களூர்க்காரரும் ஏறி இறங்குகிற இடம். ஆதலால் எந்த மூலையில் ஒரு பேச்சுப் பிறந்தாலும் அது மறுநாள் காலையில் இங்குள்ள டீக்கடைக்கு வந்து சேர்ந்துவிடும். இப்போதோ ரயிலுக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு தந்தி ஆபீசு இருக்கிறது!

இப்படிப் பேசுவது தப்பு என்று சொல்ல நாம் வரவில்லை. "வியாதியைப் பற்றி டாக்டர் பேசட்டும், யுத்தத்தைப் பற்றித் தளபதி பேசட்டும், உனக்கென்ன தெரியும், வாயை மூடு" என்று சொல்லுகிற பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். இது நமக்குப் புதிய பேச்சல்ல. வேதத்தைச் சூத்திரன் காதால் கேட்கவும் கூடாது என்று சொன்ன அதே வாய்தான், இப்போது வேறு உடை உடுத்திக்கொண்டு வந்து பேசுகிறது. ஊசி நம் குழந்தையின் கையில் போடப்படுகிறது. யுத்தத்துக்கு நம் வீட்டுப் பையன் போகிறான். வரி நம் துணிக்கும் விழுகிறது. அப்படியிருக்க, நாம் பேசாமல் வேறு யார் பேசுவது? ஆகவே பேசத்தான் வேண்டும். ஆனால் எதை வைத்துக்கொண்டு பேசுகிறோம் என்பதுதான் கேள்வி.

நம் நாட்டில் ஒருவன் ஒரு அபிப்பிராயம் சொன்னால், அது மெய்யா பொய்யா என்று எவரும் முதலில் கேட்பதில்லை. "நீ எந்தக் கட்சி?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் கிடைக்காவிட்டால் "எந்த ஊர், யார் மகன்?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியின் அடியில் எந்தக் கேள்வி ஒளிந்துகொண்டிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். சொன்னவனின் ஜாதி தெரிந்துவிட்டால் சொன்ன சங்கதியை யோசிக்கவேண்டிய சிரமம் தீர்ந்துவிடுகிறதல்லவா? இந்தச் சேலத்தில்தான் 1944-ம் வருஷம் ஆகஸ்ட் மாதம் 27-ந் தேதி ஜஸ்டிஸ் கட்சி மாநாடு கூடி, பட்டங்களை விட்டொழிப்பதென்றும் கட்சியின் பெயரைத் திராவிடர் கழகம் என்று மாற்றுவதென்றும் தீர்மானித்தது. அதை ஒப்பாதவர்கள் ஒப்பவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, பழைய பெயரையே வைத்துக்கொண்டு விலகிப் போனார்கள். பிளவு ஏற்பட்டது உண்மைதான். ஆனால் இன்ன காரணத்துக்காகப் பிளந்தது என்பதை ஊரார் தெரிந்துகொள்ளும்படி பிளந்தது. இன்று நடக்கிற அரசியல் வாதங்களில் அவ்வளவாவது உண்டா என்று கேட்கிறோம்.

நிற்க. வியாதி விஷயத்துக்கு வருவோம். இதில்தான் உயிர் போகிறது.

2021-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 15-ந் தேதி நடிகர் விவேக் அவர்கள் சென்னை ஓமந்தூரார் அரசாங்க ஆஸ்பத்திரியில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மற்றவர்களுக்குத் தைரியம் உண்டாகட்டும் என்றே எல்லோரும் பார்க்கப் போட்டுக்கொண்டார். தம் சினிமா வேடிக்கைகளில் மூட நம்பிக்கைகளைப் பரிகாசம் செய்தவர் அவர். மறுநாள் மாரடைப்பு வந்தது. 17-ந் தேதி விடியற்காலையில் இறந்துபோனார். அவ்வளவுதான், நாடு முழுவதும் "ஊசிதான் கொன்றது" என்று தீர்ப்பாகிவிட்டது. மூட நம்பிக்கையைப் பரிகாசம் செய்தவருடைய சாவே ஒரு மூட நம்பிக்கைக்கு ஆதாரமாக்கப்பட்டதென்றால் இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது? அவருடைய இருதயத்துக்குப் போகும் முக்கியமான இரத்தக் குழாய் முற்றிலும் அடைபட்டிருந்ததாக வைத்தியம் பார்த்த டாக்டர்கள் சொன்னார்கள். பல மாதம் கழித்து மத்திய அரசாங்கத்தின் நிபுணர் குழு விசாரித்து, இந்தச் சாவுக்கு ஊசி காரணமல்ல என்று முடிவு கூறிற்று. ஆனால் அந்த முடிவு எத்தனை டீக்கடைக்கு வந்தது?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம் பாட்டிமார் சொல்லுவார்கள். ஊசி போட்டுக்கொண்ட பிறகு செத்தார் என்பது வேறு. ஊசி போட்டுக்கொண்டதால் செத்தார் என்பது வேறு. நம் ஜங்ஷனில் இட்லி சாப்பிட்டு ரயில் ஏறுகிறவர்கள் தினமும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் ஜோலார்ப்பேட்டை போய்ச் சேருவதற்குள் மாரடைப்பால் இறந்தால், இட்லிக் கடைக்காரரைப் பிடித்து உள்ளே போடலாமா? போடலாமா கூடாதா என்று தெரிந்துகொள்ள வழி ஒன்றுதான் உண்டு. இட்லி சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இறந்தார்கள், சாப்பிடாதவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். இரண்டாவது கணக்கைக் கேட்காமல் முதல் கணக்கை மட்டும் சொல்லுகிறவன் எவனானாலும், அவன் கதர் போட்டவனானாலும் கருப்புச் சட்டை போட்டவனானாலும், அவன் வாதத்தை ஏற்காதீர்கள்.

இதையே நாம் 2017-லும் பார்த்தோம். அந்த வருஷம் பிப்ரவரி 6-ந் தேதி தமிழ்நாட்டில் தட்டம்மைக்கும் ரூபெல்லா என்னும் அம்மைக்கும் சேர்த்து ஒரே ஊசி போடத் தொடங்கினார்கள். ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகள் வரை ஏறக்குறைய 1 கோடியே 76 லட்சம் பேருக்குப் போடுவதாகத் திட்டம். உடனே செல்பேசியில் ஒரு புரளி கிளம்பிற்று. குழந்தைகள் சாகிறார்களாம், பெண் பிள்ளைகளுக்கு மலடு வருமாம், வெளிநாட்டான் சூழ்ச்சியாம். பள்ளிக்கூட வாசலில் தாய்மார்கள் வந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார்கள். குறித்த நாளுக்குள் முடியாமல் காலத்தை நீட்டவேண்டி வந்தது. அந்தத் தாய்மார்களை நாம் குறை கூறமாட்டோம். பிள்ளையின் உயிர் என்றால் எவருக்கும் பயம் வரும். ஆனால் கர்ப்பிணிக்கு ஆரம்ப மாதங்களில் ரூபெல்லா வந்தால் பிறக்கும் குழந்தை கண் தெரியாமலும், காது கேளாமலும், இருதயக் கோளாறோடும் பிறக்கக்கூடும் என்ற சங்கதியை அந்தத் தாய்மார்களிடம் முன்கூட்டியே விளக்கிச் சொன்னவர்கள் எத்தனை பேர்? புரளிக்காரன் வீடு தேடி வந்தான். உண்மையோ நோட்டீசு போர்டில் ஆணியடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லவேண்டும். 1796-ல் இங்கிலாந்தில் ஜென்னர் என்பவர் மாட்டம்மையின் பாலைக் குத்தினால் பெரியம்மை வராது என்று கண்டுபிடித்தார். 1802-ல் அது பம்பாய்க்கு வந்து, அங்கிருந்து சென்னைக்கும் வந்தது. நம் ஜனங்கள் மாரியாத்தாளுக்குப் பயந்து கையை நீட்ட மறுத்தார்கள். அப்போது சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை தமிழிலும் சமஸ்கிருதத்திலும் நல்ல படிப்பாளி. அவர் என்ன செய்தார் தெரியுமா? தன்வந்திரியும் சக்தியும் சம்பாஷிப்பதாகவும், பசுவிடமிருந்து வரும் இந்த அம்மைப்பாலை அம்மனே அருளினாள் என்றும் ஒரு புராணத்தைத் தாமே எழுதிவிட்டார்! பிறகு 1819-ல் சென்னை இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில், தன்வந்திரி அருளிய பழைய கிரந்தத்திலேயே இந்த வைத்தியம் இருக்கிறது என்று ஒரு கடிதம் வெளிவந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, "ஜென்னருக்கு முன்பே எங்கள் ரிஷிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று பெருமை பேசியவர்கள் நூறு வருஷத்துக்கு மேல் பேசினார்கள். இன்றும் பேசுகிறார்கள். (பெரியம்மைப் புண்ணின் சீழையே எடுத்துக் குத்தும் பழைய வழக்கம் வங்காளத்தில் இருந்தது உண்மை. அது வேறு, ஆபத்து நிறைந்த காரியம். மாட்டம்மை ஊசி இதுவல்ல.)

எல்லிஸ் துரை கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நாம் சொல்லவில்லை. நாலு உயிர் பிழைக்கட்டும் என்றுதான் செய்திருப்பார். ஆனாலும் அந்தக் காரியத்தை நாம் ஒப்பமாட்டோம். அம்மன் சொன்னாள் என்பதற்காகக் கையை நீட்டுகிறவன், நாளைக்கு அம்மன் வேண்டாம் என்றாள் என்று பூசாரி சொன்னவுடன் கையை இழுத்துக்கொள்ளுவான். காரணம் தெரிந்து நீட்டியவனோ பூசாரியிடம் காரணம் கேட்பான். இப்போதும் சில படித்தவர்கள், "ஜனங்களுக்குக் கணக்குச் சொன்னால் புரியாது, சாமி பேரைச் சொல்லித்தான் நல்லது செய்யவேண்டும்" என்கிறார்கள். வாரச்சந்தையில் எடையில் கால் கிலோ குறைந்தால் கண்டுபிடித்துவிடுகிற நம் பெண்களுக்கா கணக்குப் புரியாது?

நம் சேலத்தில் ஆடி மாதம் வந்தால் கோட்டை மாரியம்மன் கோயில் முதற்கொண்டு எல்லா மாரியம்மன் கோயில்களிலும் பண்டிகை. பொங்கல் வைப்பதென்ன, உருளுதண்டம் போடுவதென்ன, குகையில் வண்டி வேடிக்கை என்ன! வேடிக்கையை வேடிக்கையாகப் பார்ப்பதில் நமக்குச் சண்டையில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். எத்தனையோ நூற்றாண்டு கூழ் ஊற்றியும் போகாத பெரியம்மை, ஊசிக்காரர்கள் வீடு வீடாகத் தேடிப் புகுந்த பிறகு 1975-ல் இந்தியாவை விட்டே போய்விட்டது. 1980-ம் வருஷம் மே மாதம் 8-ந் தேதி உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. வியாதி போய்விட்டது, அம்மனோ அங்கேயே இருக்கிறாள். அப்படியானால் வியாதிக்கும் அம்மனுக்கும் என்ன சம்பந்தம் இருந்தது?

தோழர்களே! அதற்காக, சர்க்கார் டாக்டர் சொன்னதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்ளுங்கள் என்று நாம் சொல்லுவதாக எண்ணிவிடாதீர்கள். ஒரு வேதத்தை விட்டு இன்னொரு வேதத்தைப் பிடிப்பதற்கு நமக்கு எதற்குச் சுயமரியாதை? 1902-ல் பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் பிளேக் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 19 பேர் இசிவு ஜன்னி வந்து செத்தார்கள். ஒரே புட்டியிலிருந்து மருந்து எடுக்கப்பட்டவர்கள் அத்தனை பேரும். அந்தக் கிராமத்தார் பயந்தது மூடத்தனமா? இல்லவே இல்லை. மருந்தைக் கண்டுபிடித்த ஹாஃப்கின் மேல் பழி விழுந்தது. அவர் வேலையும் போயிற்று. பல விஞ்ஞானிகள் விசாரணைக் காகிதங்களைப் புரட்டிப் பார்த்து, புட்டி கிராமத்தில் திறக்கப்பட்ட சமயத்தில்தான் விஷக்கிருமி சேர்ந்திருக்க வேண்டும் என்று வாதாடி, 1907-ல் அவரைக் குற்றத்திலிருந்து விடுவித்தார்கள். ஐந்து வருஷம் பிடித்தாலும் புட்டியைப் பற்றி வாதாடினார்களே தவிர, ஹாஃப்கின் யூதனா கிறிஸ்தவனா என்று பார்த்து முடிவு செய்யவில்லை. கொரோனா ஊசியிலும், கோவிஷீல்டு என்று இங்கே போடப்பட்ட மருந்தினால் மிக மிக அபூர்வமாகச் சிலருக்கு இரத்தம் உறைகிற கோளாறு வரக்கூடும் என்று தெரிந்திருக்கிறது. அதை மறைப்பவன் ஊசிக்கு நண்பனல்ல. மறைத்தது பின்னால் வெளிப்படும்போது மெய்யான சங்கதியையும் ஜனங்கள் நம்பமாட்டார்கள்.

யுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம். சமாதான காலத்தில் ஒருவன் பொய் சொன்னால் பொய்யன் என்கிறோம். யுத்த காலத்தில் அதே பொய்யைச் சொன்னால் தேசபக்தன் என்கிறோம். கேள்வி கேட்டவன் துரோகி. 1914-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போயிற்று. கப்பல் போய்விட்டது. பயம் மட்டும் போகாமல், பட்டணத்தை விட்டு ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடினார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான் கப்பற்படை வருகிறதென்று சர்க்காரே நம்பி, ஆபீசுகளைப் பட்டணத்தை விட்டு வெளியூர்களுக்குக் கொண்டுபோயிற்று. படை வரவேயில்லை. 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் சண்டையிட்ட நாலு நாளில், கராச்சித் துறைமுகம் அழிந்தது என்று டெலிவிஷன்காரர்கள் சிலர் இரவெல்லாம் முழங்கினார்கள். துறைமுகம் இருந்த இடத்திலேயே இருந்தது. வீடியோ விளையாட்டுப் படத்தைக் காட்டி யுத்தக் காட்சி என்றவர்களும் உண்டு.

இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1918 சாட்சி. யுத்தத்தில் இருந்த தேசங்கள் எல்லாம் விஷக்காய்ச்சலைப் பற்றிய செய்தியை, சிப்பாய்களின் மனம் தளரும் என்று பத்திரிகைகளில் அமுக்கின. யுத்தத்தில் சேராத ஸ்பெயின் தேசத்துப் பத்திரிகைகள் உள்ளதை உள்ளபடி எழுதின. அதற்குப் பரிசாக அந்தக் காய்ச்சலுக்கே ஸ்பானிஷ் காய்ச்சல் என்று பெயர் வைத்தார்கள்! உண்மை சொன்னவன் தலையிலேயே பழி. அது பம்பாயில் கப்பல் வழியாக இறங்கி, ரயில் பாதையோடு உள்நாட்டில் பரவி, இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்களைக் கொண்டுபோயிற்று. முன்கூட்டிப் பேச விட்டிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்?

ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம். 2020-ம் வருஷம் ஏப்ரல் 19-ந் தேதி இரவு, கொரோனாவால் இறந்த ஒரு நரம்பு வைத்தியரின் பிணத்தைச் சென்னையில் புதைக்கக் கொண்டுபோனபோது, புதைத்தால் தெருவுக்கே வியாதி வரும் என்று ஒரு கூட்டம் கல்லாலும் கட்டையாலும் தாக்கிற்று. ஆம்புலன்ஸ் ஓட்டியவர் மண்டை உடைந்தது. கடைசியில் கூட வேலை செய்த டாக்டர் ஒருவர் ஆஸ்பத்திரிச் சிப்பந்திகள் இருவரோடு நள்ளிரவில் தம் கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினார். காட்டிலல்ல, தலைநகரத்தில், பள்ளிக்கூடம் நிறைந்த பட்டணத்தில் இது நடந்தது. ஈரோட்டில் பிளேக் பரவியபோது பெரியார் பிணங்களைத் தம் தோளில் சுமந்துபோய் அடக்கம் செய்தார் என்பது அவர் சரித்திரத்தில் உள்ள சங்கதி. அந்த ஈரோடு இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரந்தான்.

இனி கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம். எழுந்து கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பலாம். சீட்டில் பெயரோ, ஊரோ, கட்சியோ எழுதவேண்டியதில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து வருகிற சீட்டுகளை முதலில் எடுக்கும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.