வலிய கப்பித்தான்



வேற்று நாட்டில் பிறந்த ஒருவரை நம்பி, ஓர் அரசன் தன் படையையே ஒப்படைப்பானா? ஒப்படைத்தவர்கள் உண்டு. கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்து ஆண்ட பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன், ஆர்மீனியரான நார்செஸைத் தளபதியாக்கினார். அந்த நார்செஸ் 552-ஆம் ஆண்டில் இத்தாலியில் கோத்தியரை வென்று கொடுத்தார். இதைப் போன்ற ஒரு வரலாறு தமிழகத்தின் தென்கோடியிலும் உண்டு.

1741-ஆம் ஆண்டு. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் குளச்சல், அன்று திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. மிளகு வாணிபத்தைத் தன் பிடியில் வைத்துக்கொள்ள விரும்பிய டச்சுக் கம்பெனி அங்கே படையை இறக்கியது. மன்னர் மார்த்தாண்ட வர்மர் அந்தப் படையை முறியடித்தார். பிடிபட்டவர்களுள் ஒருவர் டி லனாய். ஐரோப்பாவில் பிறந்தவர், வயது முப்பதைக்கூட எட்டாதவர்.

மன்னர் அவரைத் தண்டிக்கவில்லை. அவருடைய திறமையைப் பார்த்தார். கைதி ஆசிரியரானார். துப்பாக்கி பிடிக்கவும் அணிவகுத்துப் போரிடவும் திருவிதாங்கூர் வீரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தி, அங்கே பீரங்கி வார்க்கவும் ஏற்பாடு செய்தார். நாளடைவில் படைத்தலைவராக உயர்ந்தார். மக்கள் அவரை ‘வலிய கப்பித்தான்’, அதாவது பெரிய கேப்டன் என்று அழைத்தார்கள். வடக்கு எல்லையில் அவர் அமைத்த நெடுங்கோட்டை, அவர் இறந்து 12 ஆண்டுகளுக்குப் பிறகு, 1789-இல் திப்பு சுல்தானின் முதல் தாக்குதலைத் தடுத்து நின்றது.

1777-இல் அவர் காலமானார். உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அவரை அடக்கம் செய்தார்கள். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ 37 ஆண்டுகள் அவர் உண்மையாக ஊழியம் செய்தார் என்பதை அந்தக் கல் இன்றும் சொல்கிறது.

நேயர்களே, இங்கே நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். டி லனாய் பகைவராக வந்தார், துப்பாக்கியோடு வந்தார். நம் பாட்டன் பாட்டிமார் பகையோடு வரவில்லை, உழைக்க வந்தார்கள். செமினி வட்டாரத்தில் காட்டை அழித்து, ரப்பர் கன்று நட்டு, விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டினார்கள். 37 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! அவர்களுடைய உழைப்பைச் சொல்ல எந்தக் கல் இருக்கிறது? தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. லயங்களோடு சேர்ந்து பெயர்களும் மறைகின்றன.

உழைப்பு மட்டும் ஒருவரை நாட்டின் நினைவில் நிறுத்துவதில்லை. அதை எழுதி வைத்தவர்களும் இருக்க வேண்டும். கோட்டைத் தளபதிக்கு அரசு எழுதி வைத்தது. நம்மவர்களுக்கு நாம்தான் எழுத வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தோட்டத்தில், எத்தனை ஆண்டு, என்ன வேலை பார்த்தார் என்று வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டுப் பிள்ளைகள் எழுதட்டும். பழைய அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு எதையும் எறிந்துவிடாமல் அதோடு சேர்த்து வைப்போம்.

கேட்டுச் சொல்லப் பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்வோம்.