வழி விட்டார்களா, வழி உண்டா?

(யாழ்ப்பாணத்தில் தன்னார்வமாக வரைபடம் வரைபவர்களும் எங்கள் சங்கத் தோழர்களும் கூடியிருந்தபோது பேசியதன் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். நான் 'தோட்டம்' என்றால் தேயிலை, லயம், கம்பனி. நீங்கள் 'தோட்டம்' என்றால் வெங்காயம், மிளகாய், புகையிலை. காலையிலிருந்து இந்தச் சொல்லால் இரண்டு பக்கமும் குழம்பிக்கொண்டிருக்கிறோம். ஆனால் இரண்டு தோட்டத்துக்கும் போக வழி வேண்டும். நான் பேச வந்தது அந்த வழியைப் பற்றித்தான்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மெப் 2004இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டது. யாரும் வரையலாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். செய்மதிப் படத்தைப் பார்த்து ஒரு ஒழுங்கையைக் கோடாகப் போடுவது சின்ன வேலை. அந்தக் கோட்டில் யார் போகலாம் என்பது செய்மதிக்குத் தெரியாது. அதைக் குறிக்க 'அக்செஸ்' என்று ஒரு குறிப்பு இருக்கிறது. 'யெஸ்' என்று போட்டால், பொதுமக்கள் உரிமையோடு போகலாம். 'பெர்மிசிவ்' என்றால், காணிக்காரர் விட்டிருக்கிறார், நாளைக்கு அவர் மறிக்கவும் கூடும். 'ப்ரைவெட்' என்றால், உரியவரும் அவர் அனுமதித்தவரும் மட்டும். இந்த மூன்றில் எதைப் போடுகிறோம் என்பதைப் பார்த்துத்தான் வழிகாட்டும் செயலிகள் வண்டியை அந்தப் பாதையால் அனுப்பும், அல்லது சுற்றிப் போகச் சொல்லும்.

வசாவிளானில் இருந்து பலாலிப் பக்கம் போகும் வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்த பிறகு முப்பது வருடங்களுக்கு மேல் அது மூடிக் கிடந்தது. 2025 ஏப்ரல் 10ஆம் திகதி திறந்தார்கள். எப்படித் திறந்தார்கள்? காலை 6 மணியிலிருந்து மாலை 5 மணி வரை மட்டும். வண்டியை இடையில் நிறுத்தக் கூடாது, திருப்பக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. நடந்து போகவும் கூடாது.

நடந்து போகக் கூடாத வீதி! மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவருக்குத் திறந்தார்கள், கூலி வேலைக்குக் கால்நடையாகப் போகிற அம்மாவுக்கு மூடியே வைத்தார்கள். அப்படித் திறந்த வீதியைச் சாதாரண வீதியாக வரைபடத்தில் போட்டால் அது பொய். இரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறவர் தடையில்தான் போய் நிற்பார். சரி, முகாமுக்குள்ளால் போகிறது என்று 'ப்ரைவெட்' போடலாமா? அது இன்னும் பெரிய பொய். சனம் காலங்காலமாகப் போய் வந்த வீதியை ஒரு சொல்லில் வேறொருவருக்கு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

செய்ய வேண்டியது, இரண்டையும் எழுதுவது. இது பொது வீதி. அதன் மேல் இன்ன திகதியில் இன்ன கட்டுப்பாடு போடப்பட்டது: நேரம் இது, நடப்பவருக்குத் தடை. ஓப்பன்ஸ்ட்ரீட்மெப்பில் நேரத்தையும், நடப்பவரையும் வாகனத்தையும் பிரித்து எழுத இடமுண்டு. கட்டுப்பாடு தளர்ந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். கொழும்பில் இருந்து வரைகிறவருக்கு அது தெரியவராது. அச்சுவேலியில் இருக்கிறவருக்குத் தெரியும்.

அடுத்தது உங்கள் ஒழுங்கைகள். உங்கள் காணி உறுதிகளில் வழி வாய்க்கால் பங்கு, கிணற்றுப் பங்கு என்று எழுதியிருப்பதைப் பார்த்து எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. எங்கள் ஆட்கள் பலருக்கு உறுதியே இல்லை. ஆனால் உறுதியில் எழுதியிருப்பதாலேயே ஒழுங்கை பொது வழி ஆகிவிடாது. நாலு வீட்டுப் பங்கில் உள்ள கை ஒழுங்கை அந்த நாலு வீட்டுக்கும் உரியது. அதற்கு 'ப்ரைவெட்'தான் சரி. ஏழைப் பக்கம் நிற்கிறோம் என்பதற்காக எல்லா ஒழுங்கையையும் 'யெஸ்' ஆக்கினால், பிறகு நாங்கள் உண்மையாகப் போட்டதையும் யாரும் நம்ப மாட்டார்கள். அகலத்தையும் அளந்து போடுங்கள். ஒவ்வொரு தடவை கதியால் மாற்றும்போதும் வேலியைக் கொஞ்சம் அரக்கி, ஓட்டோ போன ஒழுங்கையில் இன்று சைக்கிள் மட்டும் போகிற கதை உங்களுக்குத் தெரியும்.

சிக்கல் 'பெர்மிசிவ்'வில்தான் இருக்கிறது. தனியார் காணிக்கூடாக வழியுரிமை கேட்டு நீதிமன்றம் போனால், 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி பத்து வருடம் இடையூறில்லாமல் தன் உரிமையாக நடந்ததைக் காட்ட வேண்டும். "அவர் விட்டார், நடந்தோம்" என்றால் எடுபடாது. அதனால், உரிமையாக நடந்த வழியை மரியாதைக்காக 'விட்டிருக்கிறார்' என்று பதியாதீர்கள். நாங்கள் வரைந்த படம் வழக்கைத் தீர்க்காது. ஆனாலும் திகதியோடு பகிரங்கமாகக் கிடக்கும் எழுத்து அது. ஊரில் மூத்தவர்களைக் கேளுங்கள், வாசலில் இருக்கும் பலகையைப் பாருங்கள், யார் சொன்னது என்ற வகையைக் குறிப்பில் எழுதுங்கள். பெயர் வேண்டாம், 'அயலவர் சொன்னது' என்றால் போதும். ஆட்கள் இங்கே வாழ வேண்டியவர்கள்.

இனி மலையகத் தோழர்களுக்கு. எங்களுக்கு அந்தப் பத்து வருடக் கணக்கும் உதவாது. பெருந்தோட்டக் காணி பெரும்பாலும் அரச காணி, 1992க்குப் பிறகு கம்பனிகளிடம் குத்தகைக்குப் போனது. அரசுக்கு எதிராக அந்தச் சட்டம் செல்லாது. நூறு வருடம் கொழுந்துக் கூடையோடு நடந்த பாதையும் தோட்டப் பாதை என்றே இருக்கிறது. நான் படிப்பிக்கிற பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கேற்றைப் பூட்டினார்கள். பிள்ளைகள் சுற்றுப் பாதையால் வந்து முதல் பாடத்தைத் தவற விடுகிறார்கள். வரைபடத்தில் அந்தப் பாதை எப்படி இருந்தது? யாரோ எங்கிருந்தோ 'ப்ரைவெட்' என்று போட்டிருந்தார். நிர்வாகத்தின் வாதத்தை அவர் இலவசமாக எழுதிக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

எங்களுக்கு இருக்கிற வாசல் பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபை வேலை செய்யத் தடையாக இருந்தது. பல வருடம் போராடி 2018இல் அதைத் திருத்த வைத்தோம். சட்டம் திருந்திய பிறகும் எத்தனை சபைகள் தோட்ட வீதியைக் கையேற்றன என்று கேட்டால், தவிசாளர்கள் நிதி இல்லை என்கிறார்கள். நிதி இல்லாவிட்டாலும் பட்டியல் போடலாமே! இங்கிலாந்தில் 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு கவுண்டி சபையையும் நடைபாதைகளை அளந்து படமாக வரையச் சொன்னது. அந்தப் படத்தில் இருக்கிற பாதை சட்டப்படி பொதுப் பாதை. எங்கள் நாட்டில் சின்னப் பாதைகளுக்கு அப்படியொரு படம் இல்லை.

ஆகவே பிற்பகல் வேலை இதுதான். மூவர் மூவராகப் பிரிந்து, தங்கள் பிரதேச சபை தன் வீதிகள் என்று ஏற்றுக்கொள்கிற பட்டியலைக் கேட்டு 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் எழுதுங்கள். படிவம் மேசையில் இருக்கிறது, தமிழிலேயே எழுதலாம். பட்டியல் வந்ததும் அதை நடந்து ஒப்பிட்டு, இல்லாத பாதைகளைக் குறியுங்கள். கூகிள் வரைபடத்தைப் பார்த்துப் படியெடுக்க வேண்டாம், அதற்கு அனுமதி இல்லை. வலிகாமம் வடக்குப் பக்கம் போகிறவர்கள் ஃபோனைப் பையில் வைத்துக்கொண்டு பலகையை வாசித்து மனதில் வைத்து வாருங்கள். படம் எடுக்காதீர்கள்.

சாப்பாடு வந்துவிட்டதாம். விண்ணப்பத்தில் முகவரி எழுதத் தெரியாத லயத்துத் தோழர்கள் என்னிடம் வாருங்கள், சங்க முகவரியைப் போட்டுக்கொள்ளலாம்.