கிணற்றின் பங்காளிகள்

இன்று பட்டம் பெறும் இளையோரே, உங்களில் சமூகவியல் கற்று, அதிலும் கிராமமும் சுற்றாடலும் மாறும் விதத்தைச் சிறப்பாகப் படித்தவர்களை மனதில் வைத்தே இந்த உரையை எழுதினேன். மற்றத் துறையினர் பொறுத்தருள வேண்டும். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: யாழ்ப்பாணக் குடாநாட்டின் தண்ணீர்ப் பிரச்சினை முதலில் ஒரு சமூகப் பிரச்சினை, சமூகத்தைப் படித்தவர்கள் கை வைக்காமல் அது தீராது. இதைப் பொதுப்படச் சொன்னால் தலையசைத்துவிட்டுப் போய்விடலாம். ஆகவே ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். வலிகாமத்தின் மேற்குக் கரையோரமாய் மாதகலுக்கும் சங்கானைக்கும் இடையில், சில்லாலையையும் பிரான்பற்றையும் வடலியடைப்பையும் அயலாகக் கொண்ட பண்டத்தரிப்பு. 1820இல் அமெரிக்க மிசனின் மருத்துவர் ஜோன் ஸ்கடர் தன் வைத்தியப் பணியைத் தொடங்கிய ஊர் அது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே உலகத்தின் வரைபடத்தில் ஏறிவிட்ட ஊரானாலும், அது குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் இன்றைக்கும் தன் காலடியிலிருக்கும் நீரைத்தான்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. இருக்கும் ஒரே வழுக்கையாறும் மாரியில் மட்டும் உயிர்பெற்று, கந்தரோடை, சண்டிலிப்பாய்ப் பக்கமாக வழிந்து அராலியில் கடலேரியைச் சேர்கிறது. ஐப்பசியிலிருந்து மார்கழிவரை பெய்யும் மழையில் ஒரு பகுதி சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீருக்கு மேல் நன்னீராய் மிதந்து நிற்கிறது. ஓரிடத்தில் மிஞ்சி இறைத்தால் உவர் மேலே வரும். ஓரிடத்தில் அழுக்கு இறங்கினால் அது அடுத்த வளவுக்கும் போகும். இதெல்லாம் புவியியல் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தில் இல்லாதது, மேலே நிற்கிற மனிதர்களின் ஏற்பாடு. வேலிகள் நிலத்தை எத்தனை துண்டாகப் பிரித்தாலும் கீழே நீர் பிரிவதில்லை. பிரியாத ஒன்றை, பிரிந்துகொண்டே போகும் உரிமையாளர்கள் ஆளவேண்டியிருக்கிறது. எங்கள் சிக்கலின் வேர் இங்கேதான் என்பது என் கணிப்பு.

நைத்திரேற்றை எடுத்துக்கொள்வோம். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில், உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையை நைத்திரேற்று தாண்டுகிறது என்று 1980களிலிருந்தே ஆய்வாளர் எழுதி வருகிறார்கள். காரணம் இரண்டு: தோட்டத்தில் போடும் பசளை, வீட்டு வளவில் இருக்கும் மலகூடக் குழி. வேதியியல் இங்கே நின்றுவிடும். நாங்கள் ஒரு படி உள்ளே போவோம். ஓர் ஏக்கர் 16 பரப்பு. ஒரு தலைமுறையில் ஒரு வீடும் ஒரு கிணறும் இருந்த அந்த ஏக்கர், சீதனமாயும் முதுசமாயும் பிரிந்து பிரிந்து இரண்டு பரப்புத் துண்டுகளாகும்போது எட்டு வீடு, எட்டுக் கிணறு, எட்டு மலகூடக் குழி. இரண்டு பரப்பு என்பது 5,445 சதுர அடி. சதுரமான காணியானால் பக்கத்துக்கு ஏறத்தாழ 74 அடி. கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடி வேண்டும் என்று சொல்லப்படுகிறது. உங்கள் வளவுக்குள் அந்த இடைவெளியை எப்படியோ ஒப்பேற்றினாலும், வேலிக்கு அப்பாலுள்ளவரின் குழி உங்கள் கிணற்றுக்கு எத்தனை அடி என்று யார் அளந்தது? வெடிப்பு நிறைந்த சுண்ணக்கல்லில் 50 அடியே போதுமா என்பது வேறு கேள்வி. மகளுக்கு வீடு கொடுத்தால் கிணற்றோடுதான் கொடுக்கவேண்டும், பொதுக் கிணறு மரியாதைக்குக் குறைவு என்ற எண்ணம் மண்ணியல் அல்ல, இரசாயனமும் அல்ல. சீதன வழமையும் குடும்ப மதிப்பும் கலந்த ஒரு சமூக நடப்பு அது. ஆய்வுகூடத்துப் போத்தலில் தெரிகிற எண்ணுக்குள் அந்த நடப்பு கரைந்து கிடக்கிறது.

சனத்தொகை பெருகியதுதான் காரணம் என்று ஒருவர் மறுக்கலாம். இன்றைய எல்லைப்படி யாழ்ப்பாண மாவட்டத்தில் 1981இல் 7 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். 2012 குடிசன மதிப்பீட்டில் அது 6 இலட்சத்துக்கும் கீழே. போரும் 1995 ஒக்டோபர் வலிகாம இடப்பெயர்வும் புலம்பெயர்வும் ஆட்களைக் குறைத்தன. தலைகளின் எண்ணிக்கையே காரணமென்றால் நிலத்தடி நீர் தேறியிருக்கவேண்டும். அப்படி நடந்ததாகக் காணவில்லை. ஆட்கள் குறைந்த காலத்தில் வேறொன்று நடந்தது: காணிக்கும் காணிக்காரருக்கும் இடையிலான தூரம் கூடியது.

இதை விளங்கிக்கொள்ள உறுதிகளை வாசிக்கப் பழகுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இதில் எனக்குத் தனிப் பற்று உண்டு, சற்று நீட்டிப் பேச இடம் தாருங்கள். யாழ்ப்பாணத்துக் காணி உறுதியில் எல்லைகளைச் சொன்னபின், பல இடங்களில் கிணற்றில் இத்தனை பங்கு, வழி வாய்க்காலில் உரித்து என்று ஒரு வரி வரும். பங்குக் கிணறு என்பது அதுதான். நாலு பேர் காணிக்கு ஒரு கிணறு. யார் எந்த நாள் இறைப்பது, வாய்க்கால் யாருடைய காணிக்குள்ளால் போவது, வருடத்துக்கொருமுறை கலக்கி இறைக்கும் செலவை யார் யார் தருவது என்ற முறை அதற்குப் பின்னால் இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த வழமைச் சட்டமான தேசவழமை, காணியை வெளியாருக்கு விற்குமுன் பங்காளிக்கு அறிவிக்கும் கடமையை வைத்திருந்தது. 1947இன் முன்கொள்வனவுச் சட்டம் அதைப் புதிய வடிவில் தொடர்ந்தது. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனித உடம்பின் களைப்பே இறைப்புக்கு எல்லை. 1950களிலிருந்து தண்ணீர் மிசின் வந்தது; 1970களின் முற்பகுதியில் வெங்காய, மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால் தோட்டக்காரர் கையில் காசு புரண்டது; மிசின் வைத்திருந்தவருக்குப் பங்காளியின் முறையைக் காத்திருக்கும் தேவை குறைந்தது. 1977க்குப் பின் இறக்குமதி திறக்கப்பட்டு விலை விழுந்தது; பிறகு போர். இன்று அதே உறுதியை எடுத்துப் பார்த்தால் நாலு பங்காளிகளில் ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் கொழும்பில், ஒருவர் காலமாகி அவருடைய பிள்ளைகள் மூன்று நாடுகளில் என்று இருக்கும். ஊரில் நிற்பவர் ஒருவர். கிணறு கலக்கி இறைக்க அவர் யாரிடம் காசு கேட்பார்?

காணிக்காரர் இல்லாத தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துச் செய்பவர் அடுத்த போகத்திலும் அந்தக் காணி தன் கையில் இருக்குமா என்று அறியார். குழை தாழ்ப்பது, பனையோலை புதைப்பது, ஆட்டுப்பட்டி அடைப்பது எல்லாம் இரண்டு மூன்று வருடத்தில் பலன் தருகிற வேலைகள். யூரியா இரண்டு கிழமையில் பச்சை காட்டும். ஆறு மாதக் குத்தகைக்காரர் யூரியாவை நாடுவதில் அறியாமை எதுவும் இல்லை. அவருடைய கையிலிருக்கிற காலம் அவ்வளவுதான். இதை விளங்காமல் விவசாயிக்கு அறிவூட்டுகிறோம் என்று கூட்டம் வைப்பதால் என்ன பயன்? 2021 மே மாதம் நாட்டின் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரு வர்த்தமானி அறிவித்தலால் தடுக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் தளர்த்தப்பட்டது. இடையில் விளைச்சல் சரிந்ததையும் கமக்காரர் தெருவுக்கு வந்ததையும் எல்லோரும் கண்டோம். நஞ்சில்லா மண் என்ற நோக்கத்தில் பிழை இல்லை. யூரியா ஏன் போடப்படுகிறது, யார் காணியில், எத்தனை மாத உரிமையோடு போடப்படுகிறது என்ற கேள்வியை எவரும் கேட்காததே பிழை.

இது பொறியியலாளர் பார்க்கவேண்டிய விடயம், சமூகவியலுக்கு இதில் என்ன வேலை என்ற மறுப்பு இருக்கிறது. பொறியியலாளர்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அவர்களின் பணி இல்லாமல் ஒரு குழாயும் வராது. ஆனால் இரணைமடுக் குளத்து நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் எங்கே தடைப்பட்டது? கணக்கிலோ குழாயிலோ அல்ல. தங்கள் சிறுபோக வயலுக்குரிய நீர் போய்விடும் என்று கிளிநொச்சிக் கமக்காரர் அஞ்சினார்கள். அந்த அச்சத்தைத் தீர்க்கும் உடன்பாடு எட்டப்படவில்லை. கடைசியில் திட்டம் கடல்நீரைச் சுத்திகரிப்பதை நோக்கித் திரும்பியது. மருதங்கேணிப் பக்கம் தாழையடியில் நாளுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரும் ஆலை 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. அந்த நீர் வீடுகளுக்கு வருவது நல்லது, வரவேற்கிறேன். ஆயினும் குழாய்நீர் வந்தபிறகு பண்டத்தரிப்புத் தோட்டங்களுக்குச் சுத்திகரித்த கடல்நீரை எவரும் இறைக்கப் போவதில்லை. அவை கிணற்றையே நம்பியிருக்கும். குடிப்பதை நிறுத்திய கிணற்றை யார் காவல் செய்வார் என்பதும் எனக்குக் கவலை தருகிறது. வாயில் வைக்கும் நீரென்பதால்தான் அடுத்த வீட்டுக் குழியைப் பற்றி இதுவரை ஒருவர் சண்டைக்காவது போனார்.

சுன்னாகத்து எண்ணெயையும் நினைத்துப் பாருங்கள். மின்நிலையச் சூழலிலிருந்து கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்ததாக அயற்கிராமத்தவர் முறையிட்டார்கள். ஆய்வறிக்கைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. பவுசர்களில் குடிநீர் வந்தது. வழக்கு உயர்நீதிமன்றம்வரை சென்று, 2019 ஏப்ரலில் மின் நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டும் என்று தீர்ப்பானது. கிணற்று நீரில் எண்ணெய் மணத்ததை முதலில் சொன்னவர்கள் வீட்டுப் பெண்கள், தோட்டக்காரர். அவர்களின் வாய்மொழி ஆதாரமாக ஏற்கப்படுவதற்கு ஏன் அத்தனை காலம் எடுத்தது, எந்த அறிக்கையை மக்கள் ஏன் நம்பினார்கள், எதை ஏன் நம்பவில்லை? நீரின் மாதிரி எடுக்கப் பலர் இருந்தார்கள். இந்தக் கேள்விகளை முறையாகப் பதிந்து வைக்கவேண்டியவர்கள் நீங்கள்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. அதை நான் மிகவும் மதிக்கிறேன். பழைய கிணற்று முறையைப் புகழ்வது பழைய கிராமத்தைப் புகழ்வதாகாதா என்பது அது. பங்குக் கிணற்றின் பங்கு யாருக்கு இருந்தது? நிலம் வைத்திருந்தவருக்கு. அந்தத் தோட்டத்தில் துலா மிதித்தவர் பலருக்கு அதே கிணற்றில் வாளி போட உரிமை இருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் கிணற்றடியில் குடத்தோடு காத்து நின்று, மற்றவர் அள்ளி ஊற்றினால் வாங்கிப் போன காலம் இந்த மண்ணின் வரலாறு. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது. சட்டம் வந்த பிறகும் 1966 ஒக்டோபர் 21 தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலமும் அதன்பின் சங்கானையிலும் மாவிட்டபுரத்திலும் நடந்த போராட்டங்களும் தேவைப்பட்டன. ஆகவே பழையதை அப்படியே மீட்பது என் நோக்கமில்லை. பகிர்ந்து ஆளும் முறை ஒன்று எங்களிடம் இருந்தது. அது சிலருக்கு மட்டும் உரியதாக இருந்தது. பகிர்வை வைத்துக்கொண்டு அந்த விலக்கலை நீக்கவேண்டும். காணி இல்லாத குத்தகைக்காரருக்கும் தோட்டக் கூலிக்கும் நீரைப்பற்றிய முடிவில் இடம் வேண்டும். எந்த வேலிக்குள் யார் அனுமதிக்கப்பட்டார் என்று கேட்கப் பழகிய சமூகவியலாளர்தான் இந்த வேறுபாட்டைப் பிடிப்பார். மற்றவருக்குப் பங்குக் கிணறு ஓர் இனிய பழங்கதையாகவே தோன்றும்.

ஓர் ஊரை இப்படி ஆராயும் வழிக்கு ஒரு முன்மாதிரி பாக்குநீரிணைக்கு அப்பால் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் சிலேற்றர் 1916 அளவில் தன் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆராய்வித்தார். அது 1918இல் நூலானது. அவற்றில் ஒன்று தென்னார்க்காட்டு இருவேல்பட்டு. அதே ஊர் 1930களில் மறுபடி ஆராயப்பட்டது. 1980களில் குகானும் ஜோன் மென்ச்சரும் போனார்கள். 2008இல் ஜோன் ஹரிசும் தமிழ்நாட்டு ஆய்வாளரும் போனார்கள். ஏறத்தாழ 90 ஆண்டுகளில் ஒரே ஊரின் நிலமும் நீரும் கூலியும் சாதியும் எப்படி மாறின என்று இன்று பேசமுடிவதற்குக் காரணம், முதலில் சில மாணவர் குறிப்பேட்டோடு போனதுதான். இலங்கையில் சர்க்காரும் தம்பையாவும் கண்டிப் பக்கத்துக் கிராமங்களைப் படித்து, சிதையும் கிராமம் என்று 1957இல் எழுதினார்கள். பண்டத்தரிப்புக்கும் அதுபோல முதல் ஏடு ஒன்றைத் திறக்கவேண்டும். இருபது ஆண்டு கழித்து வருபவர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.

சேர், இதற்கு வேலை இருக்கிறதா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கேட்கவேண்டிய கேள்விதான், பட்டதாரிகள் வேலைக்காகத் தெருவில் இருந்த மாதங்களை இந்த மாகாணம் மறக்கவில்லை. உங்களில் பலர் அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பிரதேச செயலகங்களுக்குப் போவீர்கள். அங்கே போய் மேசையில் கடிதக்கோவை அடுக்குவதோடு வேலை முடிந்துவிட்டதென்று யாரும் சொல்லிவிடக்கூடாது. ஒரு கிராம அலுவலர் பிரிவில் எத்தனை கிணறு, எது பங்குக் கிணறு, பங்காளிகள் யார், ஊரில் யார், வெளியில் யார், அற்றோணித் தத்துவம் யாரிடம், குத்தகை எத்தனை மாதத்துக்கு, குழி எத்தனை அடியில், கடைசியாகக் கலக்கி இறைத்தது எந்த வருடம் என்று பதியுங்கள். பங்குனியிலும் மார்கழியிலும் நீர்மட்டத்தை அளந்து அதே ஏட்டில் எழுதுங்கள். ஒரு பிரிவுக்கு ஒரு மாதம் போதும் என்று நினைக்கிறேன். அந்த ஏடு கையில் இருந்தால், வெளிநாட்டிலுள்ள பங்காளிக்குக் கடிதம் எழுதலாம். மூன்று வருடக் குத்தகைக்கு உடன்படும் காணிக்காரரைக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தோடு சேர்த்துவைக்கலாம். எட்டு வீட்டுக்கு எட்டுக் குழி தோண்டுமுன் ஒரு பொதுக் கழிவுத் தொட்டி சாத்தியமா என்று பிரதேச சபையிடம் கேட்கலாம்.