வரியும் நம் வைப்புப் பணமும்
(வாழைச்சேனையில் நடைபெற்ற தொழிலாளர் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வரியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். "நமக்கு எங்கே ஐயா வரி?" என்பதுதான் அந்தச் சிரிப்பு. அது பாதிதான் சரி.

2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு வருமான வரி இல்லை. இதற்கு முன்னர் அந்த எல்லை 12 இலட்சம். மாதம் ஒன்றரை இலட்சம் சம்பளம் வாங்கும்வரை கவலை இல்லை என்று அர்த்தம். கொழும்பில் வேலை செய்யும் உங்கள் பிள்ளை மாதம் 1,60,000 எடுத்தால், முன்பு ஏறக்குறைய 4,700 ரூபா பிடித்தார்கள். இப்போது 600 ரூபாதான். அந்தப் பிள்ளைக்கு இது நல்ல செய்தி. 2025இல் தேயிலை, இறப்பர்த் தோட்டத்தில் 1,350 ரூபாவுக்கு 25 நாள் பேர் விழுந்தால் 33,750 கிடைத்தது. பன்னிரண்டு மாதமும் சேர்த்தாலும் 4,05,000. அந்த எல்லையின் கால்பங்குகூட வரவில்லை. ஆகவே கூட்டிய சலுகை நம் கைக்கு வந்து சேரவில்லை.

ஆனால் வற் வரி நம்மிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதில்லை. 2022 மே மாதம்வரை 8 சதவீதமாக இருந்தது, 2024 ஜனவரியில் 18 ஆகிவிட்டது. சவர்க்காரத்திலும் சமையல் எரிவாயுவிலும் போன் ரீலோடிலும் அதைக் கட்டுகிறோம். தோட்டத்துரையும் அதே 18, கொழுந்து பறிப்பவரும் அதே 18. இதை நியாயமான வரி என்று என்னால் சொல்ல முடியாது. ஒன்று கவனியுங்கள்: சட்டம் குறிக்கும் எல்லைக்குக் குறைவாக வியாபாரம் நடக்கும் கடை வற் வரிக்குப் பதிய வேண்டியதில்லை. பதியாத கடை பில்லில் தனியாக வற் போட முடியாது. போட்டால் பதிவு இலக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இனி, நான் வந்த காரியம். மலையகத்தில் பெயர் பதிந்து உழைத்துவிட்டு இந்த மட்டக்களப்பு மாவட்டத்தில் வந்து குடியிருப்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 30 வருடம் வேலை செய்த ஒருவருக்கு, வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை, 2025இல் இருந்த 1,350 வீதப்படி 5,67,000 ரூபா வரும். அத்துடன் சேமலாப நிதியும் சேரும். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55இலும் எடுக்கலாம். பெரும்பாலானவர்கள் அதை வங்கியில் நிலையான வைப்பாகப் போடுகிறார்கள். நல்லது. ஆனால் அந்த வட்டியிலிருந்து வங்கி பிடித்துவைக்கும் வரி 2025 ஏப்ரல் 1 முதல் 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகிவிட்டது.

10 இலட்சம் போட்டு 8 சதவீத வட்டி என்றால் 80,000 கிடைக்கும். அதில் 8,000 போய்விடும். 2025இல் இருந்த 1,350 வீதப்படி ஏறக்குறைய ஆறு நாள் பேர்! வருமான வரியே கட்ட வேண்டாத ஒரு கிழவியிடமிருந்து இது பிடிக்கப்படுகிறது.

பிடிக்கவிடாமல் தடுக்க வழி இருக்கிறது. முழு வருமானமும் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர், வரி செலுத்துநர் அடையாள இலக்கத்துடன் வங்கிக்கு ஒரு சுயபிரகடனப் படிவம் கொடுக்கலாம். கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். இரண்டு வங்கியில் பணம் இருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும். வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்குவதால் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே பிடித்திருந்தால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் திருப்பிக் கேட்கலாம். அது அலைச்சல்தான், ஆனாலும் உங்கள் பணம்.

"அந்த இலக்கம் எடுத்தால் வரி கட்டச் சொல்வார்களே" என்று பலர் பயப்படுகிறீர்கள். இலக்கம் எடுப்பது வேறு, வரி கட்டுவது வேறு. வருமானம் எல்லைக்குள் இருப்பவருக்கு வரி இல்லை. 1944 இற்கு அழைத்துக் கேட்டுப் பாருங்கள்.

இன்று அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் கொண்டு வந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் மேசைக்கு வாருங்கள், நமது பிள்ளைகள் படிவம் நிரப்பித் தருவார்கள். கையெழுத்து வைக்கத் தெரியாதவர்களும் தயங்காமல் வாருங்கள். புத்தகம் கொண்டு வராதவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள்.