தக்காளி ஏன் வெடிக்கிறது?

கத்திரி வெயில் நாலைந்து நாள் காய்ச்சி எடுக்கும். திடீரென்று ஒரு சாயங்காலம் கோடை மழை கொட்டித் தீர்க்கும். மறுநாள் காலை மொட்டைமாடிக்குப் போனால், நேற்று வரை திரண்டு நின்ற தக்காளியெல்லாம் வெடித்துக் கிடக்கும். "பாழாய்ப்போன மழை" என்று திட்டுகிறோம். என்னைக் கேட்டால், பாதிக் குற்றம் மழைக்கு முந்தின அந்த நாலைந்து நாளுக்குத்தான்.

தண்ணீர் குறைந்தால் காயின் வளர்ச்சி தளர்ந்து, தோல் இறுகிவிடுகிறது. பிறகு ஒரே மூச்சில் தண்ணீர் கிடைத்ததும் வேர் அதை இழுத்துக் காய்க்கு அனுப்புகிறது. உள்ளே சதை உப்புகிறது. இறுகிப்போன தோலால் அதற்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. போதாக்குறைக்கு, காம்பைச் சுற்றியுள்ள குழியில் தேங்கும் மழைநீரும் நேராகப் பழத்துக்குள் இறங்குகிறது. அதனால்தான் விரிசல் பெரும்பாலும் காம்பருகே தொடங்குகிறது. சில பழங்களில் அது காம்பைச் சுற்றி வளையம் வளையமாக ஓடும். பல நேரம் தானாகவே காய்ந்து தழும்பாகிவிடும். காம்பிலிருந்து கீழ்நோக்கி ஆழமாகப் பிளப்பதுதான் மோசம். எறும்பும் பூஞ்சையும் அந்த வழியாகவே உள்ளே போகின்றன.

வயலில் இருக்கும் செடி ஆழத்தில் வேர்விட்டு ஈரம் தேடிக்கொள்ளும். மாடியில் பைக்குள் இருக்கும் செடிக்கு அந்த வசதி இல்லை. மேலே வெயில், கீழே கொதிக்கும் தளம். காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைக்குள் காணாமல் போகும். ஆகவே தினமும் காலையில் தண்ணீர் வேண்டும்; கடும் வெயிலில் மாலையிலும் கொஞ்சம். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டுப்பட வேண்டும். இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து, பாவம் பார்த்து ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்க்கிறோமே, அந்த மழை செய்ததைத்தான் நாமும் செய்கிறோம். காய்ந்த செடிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும். மண்ணின் மேல் காய்ந்த இலையையோ வைக்கோலையோ இரண்டு அங்குலம் மூடாக்காகப் போட்டால் ஈரம் சட்டென்று ஏறி இறங்காது. தண்டை ஒட்டி மட்டும் போடாதீர்கள், அழுகிவிடும்.

காற்றோட்டத்துக்காக என்று இலைகளை மொட்டையடிப்பவர்களும் உண்டு. காயின் மேல் நேர் வெயில் பட்டால் தோல் கெட்டுப்போகும், வெடிப்பதும் கூடும்.

முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் வெடிக்காது என்கிறார்கள். அதில் இருப்பது சுண்ணாம்புச் சத்து. அது பேசப்படுவது காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகும் வேறொரு கோளாறுக்காக. அங்கேயும் தண்ணீர் ஒழுங்காகப் போகாவிட்டால் ஓடு உதவாது. போரான் சத்துக் குறைந்த மண்ணில் வெடிப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் போரான் அளவு மீறினால் இலை கருகும். தோட்டக்கலை அலுவலரைக் கேட்காமல் அதில் கைவைக்க வேண்டாம்.

ரகமும் ஒரு காரணம். பொதுவாக, நீள்முட்டை வடிவத்தில் தடித்த தோலோடு வரும் பழங்கள் அவ்வளவாக வெடிப்பதில்லை. தட்டையாக உருண்டு வருபவை எளிதில் வெடிக்கும். தேனிப் பக்கத்து அன்னஞ்சி நாட்டு ரகத்திலிருந்து பெரியகுளத்தில் உருவாக்கப்பட்ட பி.கே.எம். 1 இந்தத் தட்டை வகைதான். ஆனாலும் வெடிக்காத பழத்துக்காக, இந்தப் பழம் ரசத்துக்குத் தரும் புளிப்பை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இத்தனைக்கும் மேலே ஒரு சுலபமான வழி இருக்கிறது. மழை வரும் என்று வானிலைச் செய்தியில் சொன்னால், செங்காய்களைப் பறித்துவிடுங்கள். பச்சை வெளுத்து, அடிப்பக்கம் லேசாகச் சிவப்பு தட்டினாலே போதும். அதன்பின் பழுக்கச் செடி தேவையில்லை. காயே எத்திலீன் வாயுவை உண்டாக்கித் தன்னைப் பழுக்கவைத்துக்கொள்ளும். சமையலறையில் ஒரு கூடையில், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி பரப்பி வையுங்கள். பிரிட்ஜில் வைத்தால் பழுப்பது நின்று ருசியும் போய்விடும். ஒரு வாழைப்பழத்தைப் பக்கத்தில் வைத்தால் இன்னும் சீக்கிரம் பழுக்கும்.

அப்படியும் நாலு பழம் வெடித்துவிட்டால், அன்றைக்கே கழுவித் தொக்குக்குப் போடுங்கள். புளித்த வாடையோ பூஞ்சையோ இருந்தால் உரக்குழிக்குத்தான்.