கேட்போர் யார்? – வீடியோ விளையாட்டில் முதிர்ந்த பொருளும் வயதுக் குறியீடும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஒரு நூல் அவைக்கு வருமுன் அதற்குப் பாயிரம் வேண்டும் என்பது தமிழ் மரபு. சிறப்புப் பாயிரம் உணர்த்த வேண்டிய செய்திகள் எட்டென நன்னூல் வகுக்கிறது. ஆக்கியோன் பெயர், நூற்பெயர் ஆகியவற்றோடு, நூல் நுதலிய பொருள் யாது, அதனைக் கேட்டற்குரியார் யாவர் என்பனவும் அவற்றுள் அடங்கும். அப்பாயிரத்தை நூலாசிரியன் தானே பாடுவதில்லை. அவனுடைய ஆசிரியன், அவனோடு கற்றவன், அவன் மாணாக்கன், தக்க உரைகாரன் ஆகியோருள் ஒருவர் பாடுவர். நூலை முழுமையாக அறிந்தவரே அது யாருக்கு உரியது என்று சொல்லத் தகுந்தவர் என்பது இதன் உட்கருத்து.

இம்மரபை நினைவிற்கொண்டு இன்றைய கலை வடிவங்களுள் இளையதான வீடியோ விளையாட்டை நோக்கலாம். அதற்கும் ஒரு பாயிரம் உண்டு. உறையின் மூலையில் ஓர் எழுத்தாகவோ எண்ணாகவோ அது நிற்கிறது. இதனை வயதுக் குறியீடு என்பர். திரைப்படத்துக்கு 'யு' என்றும் 'ஏ' என்றும் சான்றளிக்கும் முறையை அறிந்தவர்க்கு இது புதிதன்று. பெருநிறுவனங்களின் பணமின்றி ஒருவரோ சிறு குழுவினரோ ஆக்கும் 'இண்டி' விளையாட்டுகள் போர், வறுமை, போதை, மனநோய், சாவு போன்ற முதிர்ந்த பொருள்களைத் துணிந்து கையாளுகின்றன. அப்பொருள்களின் கனத்தை அந்த ஓரெழுத்து உணர்த்துகிறதா என்பதே இவ்வுரையின் வினா.

குறியீடு பிறந்த வரலாறு சுவையானது. 'மார்ட்டல் காம்பாட்' என்னும் சண்டை விளையாட்டு 1992-இல் வெளிவந்தது. மறு ஆண்டு அது வீட்டுக் கருவிகளுக்கு வந்தபோது இரண்டு வடிவங்கள் உருவாயின. நின்டெண்டோ கருவியில் குருதி நீக்கப்பட்டு, அதன் இடத்தில் சாம்பல் நிற வியர்வை தெறித்தது. சேகா கருவியில் ஒரு மறைகுறியை அழுத்தினால் குருதி தெரிந்தது. அடியும் உதையும் இரண்டிலும் ஒன்றே. நிறமும் சில கொலைக் காட்சிகளும் வேறு. 1993 டிசம்பரில் அமெரிக்க மேலவை உறுப்பினர்கள் ஜோசப் லீபர்மனும் ஹெர்ப் கோலும் இத்தகைய விளையாட்டுகள் குறித்து விசாரணை நடத்தினர். அரசு சட்டம் இயற்றுமுன் தொழில்துறையினர் தாமே முந்திக்கொண்டு 1994-இல் ஈ.எஸ்.ஆர்.பி. என்னும் மதிப்பீட்டு வாரியத்தை நிறுவினர். ஐரோப்பாவின் பெகி முறை 2003-இல் நடைமுறைக்கு வந்தது. 3, 7, 12, 16, 18 என்பன அதன் படிகள்.

அமெரிக்க வாரியத்தின் 'எம்' என்னும் எழுத்து 17 வயது நிரம்பியவர்க்கு உரியது. அதற்கும் மேலான 'ஏ.ஓ.' 18 வயது நிரம்பியவர்க்கே உரியது. பெருங்கருவி நிறுவனங்கள் 'ஏ.ஓ.' பெற்ற விளையாட்டைத் தம் கருவியில் ஏற்பதில்லை. எனவே பெயரளவில் அறிவுரையாக இருப்பது நடைமுறையில் தடையாகிவிடுகிறது. பெருநிறுவனம் ஒரு காட்சியை வெட்டிவிட்டு மறுபடியும் விண்ணப்பிக்கும். மூவர் நால்வர் கூடி ஆண்டுக்கணக்கில் உழைத்து முடித்த ஆக்கத்துக்கோ அதுவே வாழ்வா சாவா என்னும் கேள்வி.

சிறு குழுவினரின் சுமையைக் குறைக்க 2013-இல் ஐ.ஏ.ஆர்.சி. என்னும் பன்னாட்டு ஏற்பாடு தோன்றியது. ஆக்கியோர் கட்டணமின்றி ஒரு வினாத்தாளை நிரப்பினால் போதும். பல நாடுகளின் குறியீடுகளும் ஒருசேரக் கிடைத்துவிடும். குருதி உண்டா, வசைச்சொல் உண்டா, ஆடையற்ற உடல் உண்டா, போதைப்பொருள் உண்டா என வினாக்கள் வரிசையாக வரும். ஒரே விடைக்கு ஒரு நாட்டில் 12 என்றும் வேறொரு நாட்டில் 16 என்றும் குறியீடு அமையலாம். வசதியான முறைதான். ஆயின் இங்குப் பாயிரம் பாடுபவர் எவரும் நூலைப் படிப்பதில்லை. ஆக்கியோன் அளித்த விடைகளைக் கணக்கிட்டு இயந்திரம் எண்ணைத் தருகிறது.

காணும் பொருளை எண்ணும் இம்முறை எங்கே இடறுகிறது என்பதற்கு லூகாஸ் போப் என்பவர் 2013-இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' தக்க சான்று. கற்பனையான ஒரு சர்வாதிகார நாட்டின் எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டுகளைச் சரிபார்க்கும் எளிய அலுவலர் பாத்திரத்தை ஆடுவோர் ஏற்கின்றனர். நாள்தோறும் பெறும் கூலியில் குடும்பத்துக்கு உணவும் வெப்பமும் மருந்தும் வாங்க வேண்டும். ஐயத்துக்குரிய பயணியை உடல் ஊடுகாட்டும் கருவியின் முன் நிறுத்தும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஆடையற்ற உருவம் மங்கலாகத் தெரியும். 2014 டிசம்பரில் இவ்விளையாட்டு ஐபேடுக்கு வந்தபோது, அவ்வுருவத்தை ஆபாசமெனக் கருதி ஆப்பிள் நிறுவனம் தடுத்தது. சில நாட்களில் அம்முடிவு திருத்தப்பட, அக்காட்சி விருப்பத் தேர்வாக மீண்டது. அக்காட்சியில் காமம் இல்லை. அதிகாரத்தின் முன் மானமிழந்து நிற்கும் மனித உடலே அங்கு உள்ளது. அம்மானத்தைப் பறிப்பது ஆடுவோரின் விரல். 'ஆடையற்ற உடல் உண்டா' என்ற வினாவுக்கு 'உண்டு' என்பது உண்மையான விடைதான். அவ்விடையில் அக்காட்சியின் பொருள் அடங்கவில்லை.

முழுமையாகப் படித்தால் தீர்ப்பு மாறும் என்பதற்கும் சான்று உண்டு. எஸ்டோனியாவில் தோன்றிய எழுத்தாளர், ஓவியர் குழுவொன்றின் ஆக்கமான 'டிஸ்கோ எலீசியம்' 2019-இல் கணினிக்கு வெளிவந்தது. குடியால் தன் பெயரையும் மறந்த துப்பறிவாளன் ஒருவனின் கதை அது. அதன் விரிவாக்கப் பதிப்புக்கு 2021 மார்ச்சில் ஆஸ்திரேலிய வாரியம் வகைப்பாடு அளிக்க மறுத்தது. 18 வயதினர்க்குரிய வகைப்பாடு அந்நாட்டில் வீடியோ விளையாட்டுகளுக்கு 2013 முதலே உண்டு. இவ்விளையாட்டுக்கு அதுவும் கிட்டவில்லை. போதைப்பொருளை உட்கொண்டால் பாத்திரத்துக்கு ஆற்றல் கூடுகிறது. எனவே போதைக்குப் பரிசளிப்பதாகிறது என்பது காரணம். மேல்முறையீட்டில் மறுஆய்வுக் குழு விளையாட்டின் போக்கை நோக்கியது. தொடர்ந்து உட்கொள்பவனுக்குத் தீய விளைவுகள் நேர்ந்து முன்னேற்றம் கெடுகிறது என்று கண்டது. அவ்வாண்டு மே மாதம் 18 வயதினர்க்குரிய குறியீடு அளிக்கப்பட்டது. கள்ளின் கிளர்ச்சியை மட்டும் படித்தவர்க்கும் அதன் பின்வரும் கேட்டையும் சேர்த்துப் படித்தவர்க்கும் இடையே உள்ள வேறுபாடுதான் இரு தீர்ப்புகளுக்கும் இடையே உள்ளது.

கலை என்ற ஏற்பும் இதனோடு பிணைந்தது. ஜெர்மனியில் நாசிச் சின்னங்களைத் திரைப்படம் காட்டலாம். கலை, வரலாறு என்ற காரணத்தால் சட்டம் அதற்கு இடமளித்தது. வீடியோ விளையாட்டுக்கு அவ்விடம் நெடுங்காலம் மறுக்கப்பட்டு, 2018-இல்தான் கிட்டியது. 1933-க்குப் பின் பெர்லினில் நாசிகளை எதிர்த்த சாதாரண மக்களைப் பற்றி அந்நகரத்துச் சிறுகுழு ஒன்று ஆக்கிய 'த்ரூ தி டார்க்கஸ்ட் ஆஃப் டைம்ஸ்' அவ்வாயிலில் முதலில் நுழைந்தவற்றுள் ஒன்று. கொடுமையின் சின்னத்தை மறைத்துவிட்டுக் கொடுமையை எதிர்த்தவர் கதையைக் கூறுவது இயலாது.

வயதுக் குறியீட்டின் நற்பயனை உணர்த்தும் நிகழ்ச்சியும் உண்டு. போலந்தின் வார்சா நகரில் இயங்கும் 11 பிட் ஸ்டுடியோஸ் 2014-இல் வெளியிட்ட 'திஸ் வார் ஆஃப் மைன்' போரைப் பற்றியது. ஆயினும் அதில் ஆடுவோர் படைவீரர் அல்லர். 1992 முதல் 1996 வரை நீடித்த சரயேவோ முற்றுகையை உள்ளத்திற்கொண்டு படைக்கப்பட்ட கற்பனை நகரில், இடிந்த வீட்டில் ஒளிந்து உயிர்காக்கும் குடிமக்கள் அவர்கள். இரவில் உணவும் மருந்தும் தேடிச் செல்ல வேண்டும். அமைதியான ஒரு வீட்டில் முதிய கணவனும் மனைவியும் இருக்கின்றனர். அவர்களிடம் மருந்து உண்டு. எதிர்த்து நிற்கும் வலிமை இல்லை. அதனை எடுத்துவருவதற்குக் குருதி சிந்த வேண்டியதில்லை. எடுத்துவந்த பாத்திரமோ மறுநாள் சோர்ந்து அமர்கிறது, உடனிருப்போரும் வருந்துகின்றனர். இவ்விளையாட்டின் மிகக் கொடிய இடம் இது. வினாத்தாளின் எந்தக் கட்டத்திலும் இதனைக் குறிக்க இயலாது.

2020 ஜூனில் போலந்து அரசு இவ்விளையாட்டை உயர்நிலைப் பள்ளிகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. வயது வரம்பைக் கருதி, 18 வயது நிரம்பிய மாணவர்க்கு மட்டும் என வரையறுத்தது. இங்கே குறியீடு தடைச்சுவராக நிற்கவில்லை. உரிய பருவத்தில் உரியவர் கையில் ஆக்கத்தைச் சேர்க்கும் பாயிரமாகவே அமைந்தது.

இறுதிச் சான்று இவ்வட்டத்துக்கு மிக நெருக்கமானது. 2017 செப்டம்பரில் டீம் சால்வாட்டோ என்னும் சிறு குழு 'டோகி டோகி லிட்டரேச்சர் கிளப்' என்ற விளையாட்டை விலையின்றி வெளியிட்டது. 'டோகி டோகி' என்பது நெஞ்சு துடிப்பதைக் குறிக்கும் ஜப்பானிய ஒலிக்குறிப்பு. தமிழின் 'படபட' போன்ற இரட்டைக்கிளவி. பள்ளி இலக்கிய மன்றம் ஒன்றில் நான்கு பெண்கள். புதிதாகச் சேரும் மாணவன் இரவில் இருபது சொற்களைத் தெரிந்தெடுத்துக் கவிதை ஆக்குகிறான். எந்தச் சொல் எந்தத் தோழியின் மனத்துக்கு உகந்தது என்பதே ஆட்டம். வண்ணமும் இசையும் குழந்தைகளுக்கானவைபோல் இனிமையாகவே இருக்கும். அவர்களுள் எப்போதும் சிரிப்பவள் உள்ளே ஆழ்ந்த மனச்சோர்வைச் சுமக்கிறாள். பின்னர் அவள் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அதன்பின் ஆட்டமே நிலைகுலைகிறது.

இனிய தோற்றத்தை நம்பிச் சிறுவன் ஒருவன் உள்ளே வரக்கூடும். அதே சோர்வைச் சுமக்கும் ஒருத்தியும் வரக்கூடும். ஆதலின் ஆக்கியோர் தொடக்கத்திலேயே, இது சிறுவர்க்கும் எளிதில் கலங்குவோர்க்கும் உரியதன்று என அறிவித்து, அதனை ஏற்ற பின்னரே ஆடவிடுகின்றனர். முன்னறிவிப்பு அதிர்ச்சியைக் கெடுத்துவிடும் என்று வாதிடுவோர் உளர். அவ்வாதம் முற்றிலும் புறக்கணிக்கத்தக்கதன்று. எதிர்பாராமையே இவ்வாக்கத்தின் உயிர். அதற்கு விடையாக 2021-இல் வந்த விரிவுப் பதிப்பு ஒரு வழி கண்டது. கலங்கவைக்கும் காட்சிகளுக்கு முன் எச்சரிக்கை வேண்டுவோர் அதனைத் தாமே அமைத்துக்கொள்ளலாம். வேண்டாதோர் அறியாமலே செல்லலாம். பொதுவான அறிவிப்பு அனைவர்க்கும், நுணுக்கமான அறிவிப்பு கேட்போர்க்கு என்ற இப்பகுப்பு, கலையையும் காக்கிறது, மனிதரையும் காக்கிறது.

இச்சான்றுகளிலிருந்து தெளிவது ஒன்று. வாரியத்தின் குறியீடு தேவையானது; கடையில் நிற்கும் பெற்றோர்க்கு அதுவே முதல் துணை. ஆயினும் அது கண்ணுக்குத் தெரிவனவற்றை எண்ணும். ஆடுவோரின் நெஞ்சில் ஏறும் சுமையை நிறுக்காது. அச்சுமையை அறிந்தவர் ஆக்கியோர்தாம். எனவே வினாத்தாளுக்கு உண்மையாக விடையளிப்பதோடு அவர் கடமை முடிவதில்லை. குறைந்த வயதுக் குறியீட்டுக்காகப் பொருளின் முனையை மழுக்குதலும், 18 என்ற எண்ணையே விளம்பரமாக்கிக் கொடுமையைக் குவித்தலும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். இரண்டிலும் பொருள் மறக்கப்பட்டு எண் முன்னிற்கிறது. தன் ஆக்கம் எதனைப் பற்றியது என்பதைத் தன் சொற்களில் முகப்பிலேயே கூறுதலும், தாங்க இயலாதவர் பழியின்றி வெளியேற ஒரு வாயில் வைத்தலும் அவருக்கு உரியன.

கவிதை எழுதுவோர்க்கும் இக்கேள்வி அயலானதன்று. சாவையும் காமத்தையும் போரையும் பாடும் சொல் யார் செவியில் விழும் என்பதை எண்ணிய மரபு தமிழுக்கு உண்டு. எண்ணியதனால் அம்மரபு எப்பொருளையும் பாடாது விட்டதில்லை. கேட்போர் யாவர் என்னும் பழைய வினாவைப் புதிய கலை இன்று தன் வழியில் மீண்டும் கேட்கிறது. அதற்கு இயந்திரம் தரும் எண்ணோடு நின்றுவிடாமல், ஆக்கத்தை முழுதறிந்தவர் விடை கூறுவதே முறை.